200 ஆம்ஸ்டர்டாம்: கட்டி எழுப்பிய பிறகு வந்த தீர்ப்பு

எதைப் பற்றிய ஆய்வு

நியூயார்க்கில் மன்ஹாட்டனின் மேற்குப் பக்கம், சென்ட்ரல் பார்க்குக்கும் ஹட்சன் ஆற்றுக்கும் நடுவே இருப்பது அப்பர் வெஸ்ட் சைட். அங்கே ஆம்ஸ்டர்டாம் அவென்யூவில், 69ஆம் தெருவை ஒட்டி, 200 ஆம்ஸ்டர்டாம் என்ற குடியிருப்புக் கோபுரம் நிற்கிறது. உயரம் 668 அடி, 52 மாடி. இவ்வளவு உயரத்துக்குள் இருப்பவை மொத்தம் 112 வீடுகள். யாரை மனதில் வைத்துக் கட்டியது என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.

2017இல் இதற்கு அனுமதி கிடைத்தது. 2020இல் ஒரு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்து, வரம்பை மீறிய மேல்மாடிகளை அகற்றச் சொன்னது. 2021இல் அதற்கு மேலுள்ள நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. கோபுரத்திலிருந்து ஒரு மாடியும் இறங்கவில்லை.

அக்கம்பக்கத்தார் தோற்ற கதையாக மட்டும் இதைப் படித்தால் பாதிதான் புரியும். அவர்கள் சொல்ல வந்தது ஒன்று. விதிகள் அவர்களைப் பேச அனுமதித்தது இன்னொன்று. இரண்டுக்கும் இடையிலான தூரம் எப்படி அவர்கள் நேரத்தைத் தின்றது என்பதைத்தான் இங்கே பதிவு செய்கிறேன். தனிநபர் பெயர்கள் முடிந்தவரை இல்லை. கட்டியது ஒரு அமெரிக்க நிறுவனமும் ஒரு ஜப்பானிய நிறுவனமும் சேர்ந்த கூட்டு. எதிர்த்து வழக்காடியவை இரண்டு அமைப்புகள்: அந்த வட்டாரத்தைச் சேர்ந்த கமிட்டி ஃபார் என்விரான்மென்டலி சவுண்ட் டெவலப்மென்ட், அப்புறம் 1893 முதல் நகரத்தின் கட்டடங்களையும் பொதுவெளிகளையும் கவனித்து வரும் மியூனிசிபல் ஆர்ட் சொசைட்டி.

பின்னணி: இடம்

கோபுரம் நிற்கும் இடத்தில் முன்பு இருந்தது ஒரு யூத வழிபாட்டுக்கூடம். 1970இல் கட்டியது, தாழ்வான கட்டடம். அந்தச் சபை 2013இல் பக்கத்திலேயே புது இடத்துக்கு மாறிவிட, பழைய கட்டடம் இடிக்கப்பட்டது.

அதைச் சுற்றி நிற்பது லிங்கன் டவர்ஸ் வளாகம். 1960களில் எழுந்த, முப்பது மாடியை ஒட்டிய பெரிய அடுக்குமாடிகள். நடுவே புல்வெளி, நடைபாதை, கார் நிறுத்துமிடம். புதுக் கோபுரத்தைக் கடுமையாக எதிர்த்தவர்களில் பலர் இந்த வளாகத்தில் குடியிருந்தவர்கள். இந்த வளாகமும் லிங்கன் சென்டர் கலையரங்குகளும் எழுந்தது எப்படி என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1950களின் பிற்பகுதியில் நகர மறுசீரமைப்பு என்ற பெயரில் இங்கே ஒரு பெரும்பகுதி இடித்துத் தள்ளப்பட்டது. கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர்களும் அதிகம் வாழ்ந்த சான் ஹுவான் ஹில்லில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் காலி செய்யப்பட்டன. அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. அந்த இடத்தில் எழுந்த உயரக் கட்டடங்களில் வசித்தவர்கள், அறுபது வருடம் கழித்து இன்னொரு உயரக் கட்டடத்தை எதிர்த்தார்கள். இதனால் அவர்கள் வாதம் பொய்யாகிவிடாது. ஆனால், வட்டாரத்தின் இயல்பைக் கெடுக்கிறார்கள் என்ற பேச்சு வரும்போது, எந்த வருடத்து இயல்பு என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது.

பின்னணி: விதி

நியூயார்க்கில் உயரக் கட்டட விதிகள் பிறந்ததே மக்கள் எரிச்சலில்தான். 1915இல் தெற்கு மன்ஹாட்டனில் எழுந்த ஈக்விட்டபிள் கட்டடம் தெருக்களை இருட்டாக்கியது என்ற கூச்சலுக்குப் பிறகு, எந்தப் பகுதியில் என்ன, எவ்வளவு கட்டலாம் என்று சொல்லும் முதல் மண்டல விதிகள் 1916இல் வந்தன. இப்போதுள்ள விதித்தொகுப்பின் அடிப்படை 1961இல் போட்டது.

சென்னையில் எஃப்எஸ்ஐ என்று சொல்கிறோமே, அங்கே அதற்கு எஃப்ஏஆர் என்று பெயர். மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு. பல மண்டலங்களில் உயரத்துக்கு நேரடி உச்சவரம்பு கிடையாது. மனை பெரிதானால் கட்டும் பரப்பும் கூடும். நிறைய திறந்தவெளி காட்டினால், அந்தப் பரப்பை ஒல்லியாக மேலே அடுக்கலாம். பக்கத்து மனைக்காரர் பயன்படுத்தாத கட்டும் உரிமையை வாங்கி நம் மனையோடு சேர்த்துக்கொள்ளவும் வழி உண்டு.

இன்னொன்றுதான் இந்த வழக்கின் அச்சாணி. விதிக்குள் அடங்கும் திட்டத்துக்குப் பொதுமக்கள் விசாரணை கிடையாது. விதிவிலக்கு கேட்டாலோ, மண்டலத்தை மாற்றச் சொன்னாலோதான் வட்டார மன்றம், நகரத் திட்ட ஆணையம், நகர மன்றம் எல்லாம் வரும். எதுவும் கேட்காமல் விதிப்படி கட்டுகிறேன் என்று ஒருவர் வந்தால், கட்டடத் துறை கணக்கைச் சரிபார்த்து அனுமதி தர வேண்டியதுதான். அழகாக இருக்கிறதா, நிழல் எங்கே விழும், யார் வாங்கப் போகிறார்கள் என்ற கேள்விகளைக் கேட்கும் நாற்காலியே அந்த அறையில் இல்லை.

ஒரு பழைய வெற்றியோடு வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். 69ஆம் தெருவிலிருந்து தெற்கே பத்துத் தெரு நடந்தால் கொலம்பஸ் சர்க்கிள். 1980களில் அங்கே 925 அடி உயரத்துக்கு ஒரு திட்டம் வந்தது. 1987 அக்டோபரில் நூற்றுக்கணக்கானோர் சென்ட்ரல் பார்க்கில் கறுப்புக் குடைகளை விரித்து வரிசையாக நின்று, நிழல் எவ்வளவு தூரம் விழும் என்று காட்டினார்கள். ஜாக்குலின் கென்னடி ஓனாசிஸும் அதில் இருந்தார். ஏற்பாடு செய்தது இதே மியூனிசிபல் ஆர்ட் சொசைட்டி. வழக்கிலும் அவர்களே வென்றார்கள்: கூடுதல் கட்டும் உரிமையை விலையில் சேர்த்து நகரமே விற்கிறது என்று அந்த விற்பனையை நீதிமன்றம் செல்லாததாக்கியது. அந்த இடத்தில் 2000களின் தொடக்கத்தில் எழுந்த கட்டடத்தின் உயரம் 750 அடி. குடை ஊர்வலத்தை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அது பொது நிலம், அதனால்தான் பொதுமக்களுக்கு அதில் பிடி இருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 200 ஆம்ஸ்டர்டாமில் அப்படிப் பிடிக்க எதுவும் இல்லை. தனியார் நிலம், விதிப்படியான திட்டம்.

கவனித்தது: 39 பக்கம் கொண்ட மனை

கோபுரத்தின் அடிப்பகுதி சின்னது. அவ்வளவு சின்ன நிலத்தில் 52 மாடிக்கான பரப்பு எப்படி வந்தது என்று வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு விசித்திரம் தெரிந்தது. ஒரே மனை என்று கணக்குக் காட்டிய நிலம் சுமார் 1,10,000 சதுர அடி. அது லிங்கன் டவர்ஸ் வளாகத்துக்குள் வளைந்து நெளிந்து போனது. சில இடங்களில் குறுகலான பட்டைகள்தான் இணைப்பு. எல்லைக்கோட்டை எண்ணினால் 39 பக்கம். தேர்தலுக்காகத் தொகுதி எல்லையைக் கோணல்மாணலாக வெட்டுவார்களே, அதே வேலை என்று எதிர்ப்பாளர்கள் சொன்னார்கள். அதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் ‘ஜெர்ரிமாண்டர்’ என்ற சொல்லே பத்திரிகைகளிலும் நிலைத்துவிட்டது.

வளாகத்து மக்கள் நடந்து போகும் பாதையும், கார் வந்து திரும்பும் இடமும், புல்தரையும் இந்தக் கணக்கில் புதுக் கோபுரத்தின் திறந்தவெளி. நிஜத்தில் எதுவும் மாறவில்லை, காகிதத்தில் மட்டும் அவை கோபுரத்தின் உயரத்துக்கு முட்டுக்கொடுத்தன.

இது எப்படிச் சாத்தியமானது? வரி வசூலுக்காக நகராட்சி ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் எண் கொடுத்திருக்கும். நம் ஊர் சர்வே எண் உட்பிரிவு மாதிரி. கட்டும் உரிமைக்கான மனை என்பது இப்படிப்பட்ட ஒன்றோ, குறைந்தது பத்தடி தூரம் ஒட்டியிருக்கும் பலவோ சேர்ந்தது என்று விதி சொல்கிறது. முழு உட்பிரிவுகளைத்தான் சேர்க்கலாமா, ஒரு உட்பிரிவின் ஒரு துண்டை மட்டும் வெட்டிச் சேர்க்கலாமா? விதியின் வாசகம் முதல் அர்த்தத்தைத்தான் தருகிறது என்றார்கள் எதிர்த்தவர்கள். துண்டும் சேரலாம் என்று கட்டடத் துறையின் 1978ஆம் ஆண்டு உள்குறிப்பு ஒன்று சொன்னது. துறை அதைப் பிடித்துக்கொண்டு பல பத்தாண்டுகளாக அனுமதி கொடுத்து வந்திருந்தது. லிங்கன் டவர்ஸ் நிலம் 1987இல் பிரிக்கப்பட்டதும் இந்தக் குறிப்பின் நிழலில்தான்.

மக்கள் எதிர்வினை

எதிர்த்தவர்கள் என்று ஒரே கூட்டமாகப் பார்ப்பது சரியில்லை.

பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு வெளிச்சமும் காட்சியும் கட்டுமானச் சத்தமும் முதன்மை. அதைவிடப் பெரிய அச்சம், இதை விட்டால் அடுத்து எந்த முற்றத்திலிருந்து எவ்வளவு வெட்டுவார்கள் என்பது. இது வீண் பயம் என்று சொல்ல முடியாது. சில தெரு தள்ளி மேற்கு 66ஆம் தெருவில் இன்னொரு நிறுவனம் 775 அடிக்குத் திட்டம் போட்டிருந்தது. அதன் நடுவே இயந்திரங்களுக்கு என்று 160 அடி உயர வெற்றிடம். அது எஃப்ஏஆர் கணக்கில் வராது, வீடுகளை மட்டும் மேலே தூக்கும்.

நகரின் மற்ற பகுதிகளில் இருந்தவர்களுக்கு இந்த 39 பக்கத்தில் அக்கறை இல்லை. அவர்கள் பார்த்தது 57ஆம் தெருவை ஒட்டி வரிசையாக எழுந்த கோடீஸ்வரர் கோபுரங்களின் தொடர்ச்சியை. ஒன்57 2014இல் முடிந்தது, 1,396 அடி உயர 432 பார்க் 2015இல். வாடகை கட்ட முடியாமல் மக்கள் வெளியேறும் நகரத்தில், யாரும் நிரந்தரமாக வாழாத வீடுகள் மேகத்துக்குள் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. கோபத்தில் நியாயம் இருந்தது, ஆனால் மண்டல விதியில் அந்தக் கோபத்துக்கு ஒரு வரி கூடக் கிடையாது. வாங்குபவர் பணக்காரர் என்ற காரணத்துக்காக எந்தத் துறையும் அனுமதியை மறுக்க முடியாது.

ஆதரித்தவர்களும் ஒரே ரகம் இல்லை. கட்டுமானத் துறையினர், இருக்கிற விதியை நம்பித்தான் பணம் போடுகிறோம், பாதியில் மாற்றினால் யார் கட்டுவார்கள் என்றார்கள். வீட்டுப் பற்றாக்குறையைப் பற்றிப் பேசுபவர்கள் சிலர், எதிர்ப்பது வசதியானவர்கள், காப்பாற்றுவது தங்கள் ஜன்னல் காட்சியை என்றார்கள். பாதி நியாயம் இதிலும் உண்டு. ஆனால் 668 அடிக்கு 112 வீடு கட்டுவதை வீட்டுப் பற்றாக்குறைக்கு மருந்து என்று சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

எடுத்த முடிவுகள், 2017 முதல் 2019 வரை

நியூயார்க்கில் 2009 முதல் ஒரு ஏற்பாடு உண்டு. கட்டடத்தின் மண்டல வரைபடம் வெளியானதும், 45 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் அதைக் கட்டடத் துறையிடம் எதிர்க்கலாம். விதிப்படியான திட்டத்தில் பொதுமக்களுக்கு இருக்கும் ஒரே அதிகாரபூர்வ வாசல் இது. வட்டார அமைப்பு 2017இல் இந்த வாசல் வழியாகத்தான் நுழைந்தது. துறை திட்டத்தை மறுபடி ஆராய்ந்தது. செப்டம்பர் 2017இல் அனுமதி கொடுத்தது.

இங்கேதான் முதல் பெரிய முடிவு. நிழல், உயரம், ஆடம்பரம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, மனையின் வரையறையையும் திறந்தவெளிக் கணக்கையும் மட்டும் பிடித்து மேல்முறையீடு செய்தார்கள். சட்டப்படி இதைவிட நல்ல ஆயுதம் அவர்களிடம் இல்லை. ஆனால் விலையும் இருந்தது: தெருவில் நின்று கோஷம் போட்டவர்களுக்குப் புரியாத, உட்பிரிவுத் துண்டு பற்றிய சண்டையாக அது மாறிவிட்டது. கட்டுநர் தரப்பு, இவர்கள் நுணுக்கத்தைப் பிடித்துத் தொங்குகிறார்கள் என்று சொல்வதற்கும் வசதியானது.

மேல்முறையீடு போன இடம் போர்டு ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ் அண்ட் அப்பீல்ஸ் என்ற வாரியம். உறுப்பினர்களை நியமிப்பவர் மேயர். அங்கே கட்டடத் துறையே எதிர்பாராத ஒன்றைச் சொன்னது. 1978 குறிப்பு விதியைச் சரியாகப் படிக்கவில்லை, இனி மாற்றப் போகிறோம். ஆனால் இந்த அனுமதி கொடுத்தபோது அந்தக் குறிப்புதான் நடைமுறையில் இருந்தது, அதனால் இது செல்லும் என்பது துறையின் நிலை. தப்புதான், ஆனால் உனக்குப் பொருந்தாது என்ற வகைப் பதில். எதிர்த்தவர்கள் கொதித்ததில் வியப்பில்லை. வாரியம் ஜூலை 2018இல் அனுமதியை உறுதி செய்தது. வாசகம் இரண்டு பொருளுக்கும் இடம் தருகிறது, இத்தனை வருட நடைமுறையை நம்பிப் பல கட்டடங்கள் எழுந்திருக்கின்றன, அவற்றை எல்லாம் ஒரே நாளில் விதிமீறலாக்க முடியாது என்பது காரணம்.

இரண்டாவது பெரிய முடிவு கட்டுநருடையது. வழக்கு நடக்கட்டும், வேலையும் நடக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். சட்டப்படி அவர்களைத் தடுக்க எதுவும் இல்லை. கையில் அனுமதி இருந்தது. வட்டிக்கு வாங்கிய பணத்தில் கட்டுபவருக்கு ஒரு மாதம் நிறுத்துவதும் நஷ்டம். ஆனால் அந்தக் கணக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஏறும் ஒவ்வொரு மாடியும் வழக்கில் ஒரு சாட்சியம். நீதிபதி முன் ஒரு வரைபடத்தை ரத்து செய்யச் சொல்வது வேறு, கான்கிரீட்டை இடிக்கச் சொல்வது வேறு.

மூன்றாவது முடிவு, என் பார்வையில் வழக்கின் போக்கைத் தீர்மானித்தது, எதிர்ப்பாளர்கள் தடையுத்தரவு விஷயத்தில் காட்டிய தயக்கம். வேலையை நிறுத்தச் சொல்லி இடைக்காலத் தடை கேட்டால், பின்னால் தோற்றுவிட்டால் எதிர்த்தரப்பின் நஷ்டத்துக்கு ஈடாக ஒரு பிணையத் தொகை கட்ட வேண்டும் என்பது நியூயார்க் சட்டம். தொகையை நீதிமன்றம் நிர்ணயிக்கும். ஆடம்பரக் கோபுரம் ஒன்றின் தாமத நஷ்டத்தைச் சந்தா வாங்கி நடத்தும் அமைப்பு எப்படித் தாங்கும்? அதே சமயம், தடை கேட்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதும் ரகசியமில்லை. லாங் பீச் என்ற ஊரின் குடியிருப்புத் திட்டம் ஒன்றில், தடை கேட்காமல் கட்டி முடிக்கும்வரை காத்திருந்தால் வழக்கே பொருளிழந்து போகலாம் என்று மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2002இலேயே சொல்லியிருந்தது.

மார்ச் 2019இல் மாநில முதல்நிலை நீதிமன்றம் வாரியத்தின் முடிவை ரத்து செய்து, விதியின் வாசகப்படி மறுபடி பரிசீலிக்கச் சொன்னது. எதிர்த்தவர்களுக்குப் பெரிய வெற்றிதான், ஆனால் வேலை நிற்கவில்லை. ஜூன் 2019இல் வாரியம் மறுபடியும் பழைய முடிவையே எடுத்தது. அந்த வருடம் முடிவதற்குள் கோபுரம் முழு உயரத்தைத் தொட்டுவிட்டது.

பிப்ரவரி 2020

2019இல் வாரியத்தின் முடிவை ரத்து செய்த அதே நீதிபதி இந்த முறை மறுபரிசீலனைக்கு அனுப்பவில்லை. அனுமதியை ரத்து செய்யவும், விதிப்படி எவ்வளவு உயரம் கிடைக்கும் என்று கணக்கிட்டு அதற்கு மேல் உள்ளதை அகற்றவும் உத்தரவிட்டார். எத்தனை மாடி என்று தீர்ப்பில் எண் இல்லை. இருபதோ அதற்கு மேலோ இருக்கும் என்ற மதிப்பீடுதான் செய்தியாக உலகம் சுற்றியது.

நின்ற கட்டடத்திலிருந்து மாடிகளை இறக்குவது நடக்காத காரியமா என்றால், அதே நகரத்தில் நடந்திருக்கிறது. கிழக்கு 96ஆம் தெருவில் 1980களில் எழுந்த 31 மாடிக் கட்டடம் ஒன்று, 19 மாடிதான் கட்டியிருக்க வேண்டும். நகராட்சியின் வரைபடத்தில் இருந்த பிழையால் அனுமதி கொடுத்துவிட்டார்கள். தப்பான அனுமதி உரிமையாகாது என்று 1988இல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் சொன்னது. 1993இல் மேல் 12 மாடிகளை எடுத்தார்கள். 200 ஆம்ஸ்டர்டாமை எதிர்த்தவர்கள் நம்பிக்கை வைத்தது இந்த முன்னுதாரணத்தில். ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்: 96ஆம் தெருவில் பிழையைக் கண்டதும் வேலையை நிறுத்தி, அனுமதியை ரத்து செய்து, கடைசிவரை வழக்காடியது நகர நிர்வாகமே. இங்கே நகர நிர்வாகம் கட்டுநரின் பக்கம் நின்று மேல்முறையீடு செய்தது.

பொதுமக்கள் மத்தியில் அலை திரும்பியதும் இப்போதுதான். அதுவரை கோபுரத்தைப் பிடிக்காதவர்களில் சிலர்கூட, கட்டிய வீடுகளை இடிப்பதா என்று கேட்டார்கள். சில பேருக்கு இது பணக்காரக் கட்டுநருக்குக் கிடைத்த சரியான அடி. சில பேருக்கு, நல்ல கான்கிரீட்டை உடைத்துக் குப்பையாக்கும் பைத்தியக்காரத்தனம். 2017இல் கேள்வி, இதைக் கட்டலாமா என்பது. 2020இல் அது, இதை இடிக்கலாமா என்று மாறிவிட்டது. இரண்டாவது கேள்விக்கு ஆமாம் என்று சொல்வது யாருக்கும் கடினம், கட்டுநருக்கு அது தெரியும்.

மார்ச் 2021

மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒருமனதாகக் கட்டுநர் பக்கம் தீர்ப்பளித்தது. இரண்டு காரணம். ஒன்று, தேவையான கட்டங்களில் தடையுத்தரவு கேட்டு வேலையை நிறுத்த முயலவில்லை. கட்டடம் எழுந்துவிட்டது, வழக்கு பொருளிழந்துவிட்டது. இரண்டு, அப்படியே பார்த்தாலும் வாரியம் விதிக்குக் கொடுத்த விளக்கம் நியாயமானது, அதில் நீதிமன்றம் தலையிடத் தேவையில்லை. மேலே இருக்கும் மிக உயர்ந்த நீதிமன்றமும் இதை விசாரணைக்கு எடுக்கவில்லை.

முதல் காரணம்தான் எனக்கு உறுத்துகிறது. நேரம் கடந்துவிட்டது என்ற வாதம், வேகமாகக் கட்டுபவருக்குப் பரிசு கொடுக்கிறது. எல்லா நாட்டிலும் இப்படித்தான் நடக்கும் என்றும் சொல்ல முடியாது. அதே 2021 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் நொய்டாவின் சூப்பர்டெக் இரட்டைக் கோபுரங்களை இடிக்க உத்தரவிட்டது. அங்கேயும் பிரச்சினை, பழைய குடியிருப்பாளர்களுக்குத் தோட்டம் என்று காட்டிய திறந்தவெளியில் புதுக் கோபுரங்கள் எழுந்ததுதான். 2014இலேயே அலகாபாத் உயர் நீதிமன்றம் இடிக்கச் சொல்லியிருந்ததால் கட்டுமானம் நின்று போயிருந்தது. 2022 ஆகஸ்ட் 28 அன்று சுமார் 3,700 கிலோ வெடிமருந்தில் இரண்டும் சரிந்தன. நொய்டாவில் அதிகாரிகளும் கட்டுநரும் கூட்டுச் சேர்ந்து விதியை மீறினார்கள் என்று நீதிமன்றம் சொன்னது. நியூயார்க்கில் அப்படி யாரும் சொல்லவில்லை, அங்கே விதியின் பொருளே சர்ச்சை. ஆகவே இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஆனால் கட்டிவிட்டோம் என்ற ஒரே காரணம் போதாது என்பதற்கு நொய்டா சான்று.

என்ன மாறியது, என்ன மாற வேண்டும்

வழக்கு நடந்த அதே காலத்தில் சத்தமில்லாமல் ஒரு வெற்றியும் கிடைத்தது. இயந்திர வெற்றிடம் என்ற பெயரில் உயரம் கூட்டும் தந்திரத்துக்கு எதிராகக் குடியிருப்பாளர்களும் மக்கள் பிரதிநிதிகளும் தொடர்ந்து கொடுத்த அழுத்தத்தில், மே 2019இல் நகர மன்றம் விதியைத் திருத்தியது. உயரமான குடியிருப்பு மண்டலங்களில் 25 அடிக்கு மேற்பட்ட இயந்திர வெற்றிடங்கள் இனி கட்டும் பரப்பின் கணக்கில் சேரும். 66ஆம் தெருக் கோபுரத்தை அது நிறுத்தவில்லை. அடுத்து வருபவர்களுக்குக் கதவை ஓரளவு சாத்தியது. ஒரே கட்டடத்தைக் குறிவைத்த வழக்கு தோற்றது, எந்தக் கட்டடத்தையும் பெயர் சொல்லாத திருத்தம் நின்றது. இதே நிலை மறுபடி வந்தால், உயரம், நிழல், ஆடம்பரம் பற்றிய கோபத்தை முழுக்க விதித் திருத்தத்தின் பக்கம் திருப்பிவிட்டு, வழக்கில் மனை வரையறையை மட்டும் வைத்துக்கொள்வதுதான் சரியான பங்கீடு என்பது என் கணிப்பு. இங்கே இரண்டும் பொதுமேடையில் கலந்து குழம்பின.

தடை விஷயம். பிணையத் தொகை கட்ட முடியாவிட்டாலும், முதல் வாரத்திலேயே தடை கேட்டு, மறுக்கப்பட்டால் அந்த மறுப்பையாவது பதிவில் வைத்திருக்க வேண்டும். கேட்டும் கிடைக்கவில்லை என்பவருக்கும் கேட்கவே இல்லை என்பவருக்கும் மேல் நீதிமன்றத்தில் மரியாதை வேறு. பொதுநல வழக்குகளில் அந்தத் தொகையைப் பெயரளவுக்குக் குறைக்கச் சொல்லி வாதாடவும் இடம் உண்டு.

நிர்வாகத்தின் பக்கம், ஒரு துறை தன் விளக்கம் தவறு என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகும், அதன்படி கொடுத்த அனுமதியில் வேலை ஓடலாம் என்பது சரியில்லை. வழக்கு நிலுவையில் இருக்கும்போது, சர்ச்சைக்குரிய உயரத்துக்கு மேல் மட்டும் கட்டுமானத்தை நிறுத்தி வைக்கும் இடைநிலை ஏற்பாடு ஒன்று இருந்திருந்தால், 2020இன் இடிப்புக் கேள்வியே எழுந்திருக்காது. கட்டுநருக்கும் அது மோசமில்லை. மேல்மாடி வீடுகள் நிலைக்குமா என்று தெரியாமல் யார் வாங்குவார்கள்?

கடைசியாக, 45 நாள் வாசல். அது திறக்கும்போது வரைபடம் முடிந்து, பணம் ஏற்பாடாகி, கிட்டத்தட்ட எல்லாம் கைகூடியிருக்கும். ஆனால் கட்டும் உரிமைக்காக நிலங்களை ஒன்றாகச் சேர்க்கும் அறிவிப்பு அதற்கு வெகு முன்பே நகரத்தின் சொத்துப் பதிவேட்டில் பதிவாகிவிடும். அந்தப் பதிவேடு இணையத்தில் யாரும் பார்க்கக்கூடியது. தங்கள் வளாகத்து உட்பிரிவு எண்ணைப் போட்டுத் தேடினால், எந்தத் துண்டு எந்த மனையோடு சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். குடியிருப்போர் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை செய்யக்கூடிய வேலை, வக்கீல்கூடத் தேவையில்லை.